மேல்மாடி அறையின் ‘போயிடு’: எந்த ரெக்கார்டரை நம்புவது?

இந்த வீட்டைப் பற்றி வந்த புகார்கள் இரண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டதால் விவகாரம் தேவைக்கு மேல் நீண்டது.

முதல் புகார் வீட்டில் குடியிருப்பவர்களுடையது. மேல்மாடியின் பின்பக்க அறையில், நள்ளிரவு தாண்டிய பிறகு, சில நாட்களில் யாரோ தாழ்ந்த குரலில் முணுமுணுப்பது போலக் கேட்கிறது. வார்த்தை பிடிபடாது. ஏறி இறங்கும், சில நிமிடங்களில் நின்றுவிடும். இரண்டாவது, அமானுஷ்ய விஷயங்களில் ஆர்வமுள்ள ஒரு சிறு குழு அங்கே ஓர் இரவு தங்கி எடுத்த பதிவு. அலுவலகக் கூட்டங்களைப் பதிவு செய்ய வைத்திருக்கும் சின்ன வாய்ஸ் ரெக்கார்டரை மேசையில் வைத்து ஓடவிட்டிருக்கிறார்கள். மறுநாள் கேட்டால், இரண்டு நொடி நீளத்தில் ஒரு பெண் குரல்: “போயிடு.”

ஒலிப்பதிவு என் தொழில் என்பதால் கோப்பு என்னிடம் வந்தது. இரைச்சலை நீக்கிக் குரலைத் ‘தெளிவாக்கி’த் தரச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். இரைச்சல் நீக்கும் மென்பொருள், பதிவின் பின்னணி இரைச்சலை அளந்து ஒவ்வொரு அலைவரிசையிலும் அதைக் கழிக்கிறது. கழித்தபின் அங்கங்கே மிஞ்சும் துணுக்குகள் மின்னி மறையும் சிறு சிறு சுரங்களாகக் கேட்கும். காதுக்கு அது கிசுகிசுப்பாகவே படும். பலவீனமான பதிவில் அதைப் போட்டால் இருக்கும் குரலைத் தெளிவாக்குகிறோமா, இல்லாத குரலைச் செய்கிறோமா என்று எனக்கே தெரியாது. அதைவிட, நல்ல கருவிகளோடு மறுபடி போய்ப் பதிவு செய்யலாம் என்றேன். குழு ஒத்துக்கொண்டது. வீட்டிலிருந்த வயதான அம்மா மட்டும் கேட்டார்: “தம்பி, நான் என் காதால கேட்டேன். உங்க மிஷின் என்ன சொன்னா எனக்கென்ன?” அந்த ஆய்விலேயே கூர்மையான கேள்வி அதுதான். அவர் கேட்டது முணுமுணுப்பு. மிஷின் சொன்னது ‘போயிடு’. இரண்டும் ஒன்று என்று அதுவரை யாரும் காட்டியிருக்கவில்லை.

வந்த கோப்பில் என்ன இருந்தது

எம்பி3. அதுவும் நினைவகத்தில் நிறைய மணி நேரம் அடங்க வேண்டும் என்பதற்காக மிகக் குறைந்த தரத்தில் சுருக்கும் முறை. ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் வரைபடம்) போட்டுப் பார்த்தால் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை, கத்தியால் நறுக்கியது போல. மெய்யெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் தகவலில் கணிசமான பங்கு அதற்கு மேல்தான் இருக்கிறது.

அடுத்தது தானியங்கிக் கெயின், அதாவது ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பதைக் கருவியே மாற்றிக்கொள்வது. கூட்டத்தில் தூரத்தில் உட்கார்ந்தவர் பேசுவதும் கேட்க வேண்டும் என்பதற்காக, சத்தம் குறையும்போது ரெக்கார்டர் தானாகவே கெயினை ஏற்றும். அமைதியான அறையில் அது ஏறி ஏறி, கடைசியில் ரெக்கார்டரின் சொந்த இரைச்சலையே பெரிதாக்கிப் பதிவு செய்யும். ஒரு சின்னச் சத்தம் வந்ததும் சட்டென்று இறங்கும், பிறகு மெல்ல ஏறும். இந்த ஏற்ற இறக்கம் மூச்சு விடுவது போலவே இருக்கும். கூடவே ‘குரல் வந்தால் மட்டும் பதிவு’ என்ற வசதியும் இயங்கியிருக்கிறது. சத்தம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே பதிவு தொடங்குவதால் ஒலியின் தலை வெட்டுப்பட்டுவிடும். அதைவிட மோசம், நடுவிலிருந்த மௌனங்கள் எல்லாம் காணாமல் போய், எந்தச் சத்தம் எத்தனை மணிக்கு வந்தது என்ற கணக்கே இல்லாமல் போய்விடும்.

இவை மூன்றும் குறைகள் அல்ல. கூட்டக் குறிப்பு எடுக்க அந்தக் கருவி மிக நல்ல கருவி. பேச்சைக் காப்பாற்ற மற்றதையெல்லாம் பலிகொடுக்கும் வகையில் செய்திருக்கிறார்கள். அதனிடம் பேச்சல்லாத ஒன்றைக் கொடுத்தால் அதையும் பேச்சுப் போலவே நடத்தும். குறைந்த தரச் சுருக்கத்தில், சீரான இரைச்சலின் எந்தப் பகுதியை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்ற முடிவு நொடிக்குப் பலமுறை மாறும். அப்போது எழும் குழறல் ஒலி, வாய் அசையும்போது உயிரொலிகள் மாறுவதைப் போலவே நகரும்.

கோப்பைச் சிலருக்கு எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டச் சொன்னேன். ஒருவருக்கு “கோபி டா”, ஒருவருக்கு “போதும்”, இன்னொருவருக்கு “ஓயாது”. ஒரு பெண், ‘சட்டை உரசும் சத்தம்’ என்றார். அப்புறம் ‘போயிடு’ என்று சொல்லிவிட்டு மறுபடி போட்டால், எல்லோருக்கும் ‘போயிடு’தான். என்னிடம் முன்னாடியே சொல்லிவிட்டதால் இந்தத் தேர்தலில் நான் செல்லாத ஓட்டு.

இது புதிதில்லை. ஸ்வீடனில் ஃபிரெட்ரிக் யூர்கென்சன் 1959இல் பறவைக் குரல்களைப் பதிவு செய்தபோது நாடாவில் மனிதக் குரல்கள் கேட்டதாகச் சொன்னதிலிருந்துதான் பதிவுகளில் அமானுஷ்யக் குரல் தேடும் இந்த வழக்கம் பரவியது. லாட்வியாவைச் சேர்ந்த கான்ஸ்டன்டின் ரௌடிவ் ஆயிரக்கணக்கில் இப்படிப் பதிவுகளைச் சேர்த்தார். அவருடைய குரல்கள் பல மொழிகள் கலந்து பேசின, ஒரே வாக்கியத்திலேயே மொழி மாறின. கேட்பவருக்குத் தெரிந்த மொழிகளிலெல்லாம் பொருள் தேட இடமிருந்தால் எந்த இரைச்சலிலும் ஒரு வாக்கியம் கிடைக்கும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் இமான்ட்ஸ் பாருஷ் வானொலி இரைச்சலை வைத்து இதே சோதனையைச் செய்து 2001இல் முடிவை வெளியிட்டார். குரல் போன்ற ஒலிகள் அவருக்கும் கிடைத்தன. ஆனால் அவற்றை அசாதாரணம் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

கருவிகளைத் தேர்ந்த விதம்

குழுவினர் ஒரு பட்டியலோடு வந்தார்கள். ஒவ்வொன்றிலும் நான் கேட்டது ஒரே கேள்வி: இந்தக் கருவி எதை ‘இது இல்லை’ என்று தள்ள உதவும்?

ஸ்பிரிட் பாக்ஸ் அந்தக் கேள்வியிலேயே விழுந்தது. வானொலி நிலையங்களை வேகமாக ஒன்றன்பின் ஒன்றாகத் தாவிச் செல்லும் பெட்டி அது. அமெரிக்காவில் ஃபிராங்க் சம்ப்ஷன் 2002இல் செய்த பெட்டியிலிருந்து வந்த வகை. அதில் குரல் வரும்தான், அறிவிப்பாளர்களின் குரல். எதையும் தள்ள உதவாது.

பழைய கேசட் ரெக்கார்டர்தான் ‘உண்மையானது’ என்று ஒருவர் வாதாடினார். நாடாவில் இரண்டு தொல்லைகள். ஏற்கெனவே பயன்படுத்திய நாடாவில் பழைய பதிவு முழுதாக அழியாமல் அடியில் தங்கியிருக்கலாம். சுருட்டி வைத்த நாடாவில் ஓர் அடுக்கின் காந்தப் பதிவு அடுத்த அடுக்கில் லேசாக ஒட்டிக்கொள்ளும். உரத்த ஒலி வரும் முன்பே அதன் மங்கலான நிழல் கேட்பது அதனால்தான். பேய் தேடுகிறவருக்கு இதைவிடக் குழப்பமான கருவி வேண்டியதில்லை.

செல்போன் அவ்வளவு மோசமில்லை. மைக் சுமாராக நன்றாகவே இருக்கும். ஆனால் பெரும்பாலான பதிவுச் செயலிகள் இரைச்சல் நீக்கமும் தானியங்கிக் கெயினும் கடந்த ஒலியைத்தான் சேமிக்கின்றன. எதுவும் செய்யாத மூல ஒலியைக் கேட்டுப் பெறும் வழி ஆண்ட்ராய்டு 7இலிருந்து இருக்கிறது. கருவியும் செயலியும் இரண்டும் ஒத்துழைத்தால் உண்டு. போனைக் கடிகாரமாகவும் டார்ச்சாகவும் வைத்துக்கொள்ளச் சொன்னேன், அதுவும் ஃப்ளைட் மோடில். மைக் கேபிள் அருகில் ஒரு போன் சிக்னல் தேடினால் பதிவில் ‘டிர்ர்ர்’ என்று விழும். ஜிஎஸ்எம் (2ஜி) போன்கள் நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு ஒலிபரப்புவதன் விளைவு அது.

மிஞ்சியவை கைக்கு அடங்கும் ஸ்டீரியோ ரெக்கார்டர்கள். சூம், டாஸ்காம் போன்றவர்கள் செய்கிறார்கள். சுருக்காத வேவ் கோப்பில் பதியும், கெயினைக் கையால் நிறுத்தலாம். ஆரம்பத்துக்கு இந்த இரண்டும் இருந்தால் போதும். ஆனால் இந்த வீட்டுக்குப் போதாது என்று நினைத்தேன். காரணம் மைக்கின் சுய இரைச்சல்.

முழு நிசப்தத்திலும் ஒவ்வொரு மைக்கும் மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒன்றைத் தானே உண்டாக்கும். அதை டெசிபலில் சொல்வார்கள். இரவில் அமைதியான ஓர் அறை 20 முதல் 25 டெசிபல் இருக்கும். ஒரு மீட்டர் தூரத்துக் கிசுகிசுப்பு 30 பக்கம். மைக்கின் சுய இரைச்சல் அறையின் அமைதியைவிட அதிகமாக இருந்தால், நீங்கள் பதிவு செய்வது அறையை அல்ல, மைக்கை. வாய்ஸ் ரெக்கார்டர்களின் விவரத்தாளில் பெரும்பாலும் இந்த எண்ணே இருக்காது. ஸ்டுடியோ வகையில் ரோட் என்டி1இன் புதிய பதிப்பு 4 டெசிபல்தான், ஆனால் பெரிது, ரெக்கார்டர் கேபிள் வழியே தரும் 48 வோல்ட் ‘ஃபேன்டம்’ மின்சாரம் வேண்டும். நான் எடுத்தது காட்டு ஒலிகளைப் பதிவு செய்பவர்கள் விரும்பும் பிரிமோ இஎம்272 என்ற சின்ன மைக் கேப்ஸ்யூல். சுய இரைச்சல் 14 டெசிபல். ரெக்கார்டரின் 3.5 மில்லிமீட்டர் துளையில் வரும் சிறு மின்சாரமே அதற்குப் போதும். முக்கியமாக, எல்லாத் திசையிலும் கேட்கும். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத ஒன்றைத் தேடும்போது ஒரு திசையை மட்டும் கேட்கும் ஷாட்கன் மைக்கால் பயனில்லை.

மைக் நன்றாக இருந்து ரெக்கார்டரின் பெருக்கி இரைந்தால் அதுவும் வீண். சூம் எஃப்3 வகையில் உள்ளீட்டு இரைச்சல் மைனஸ் 127 டிபியூ (எண் கீழே போகப் போக இரைச்சல் குறைவு). எச்6 வகையில் மைனஸ் 120. காகிதத்தில் சின்ன வித்தியாசம், நள்ளிரவில் பெரிய வித்தியாசம். 32-பிட் ஃப்ளோட் (மிகச் சன்னமான ஒலியையும் மிக உரத்த ஒலியையும் ஒரே கோப்பில் தாங்கும் பதிவு முறை) பற்றி ரொம்பவே கேட்டார்கள். திடீரென்று கதவு அறைந்தாலும் பதிவு உடையாது, அவ்வளவுதான். மைக்கின் இரைச்சலை அது ஓர் இழை கூடக் குறைக்காது.

19 ஹெர்ட்ஸையும் பதிய முடியுமா என்று ஒருவர் கேட்டார். விக் டான்டி 1998இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தாக்கம். ஆய்வுக்கூட மின்விசிறி ஒன்று கிளப்பிய சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வு அச்ச உணர்வையும் ஓரக்கண் உருவத்தையும் தந்திருக்கலாம் என்கிறது அது. காதுக்கு எட்டாத அந்தத் தாழ்வைச் சாதாரண ரெக்கார்டர்களின் உள்ளீடு சரிவர விடாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும். இங்கே புகார் காதில் விழுந்த முணுமுணுப்பு. எனவே விட்டுவிட்டோம்.

அறையில் வைத்த விதம்

பின்பக்க அறையில் இரண்டு கேப்ஸ்யூல்கள், மூன்று மீட்டர் இடைவெளியில், தனித்தனித் தாங்கியில். மேசை மேல் வைத்தால் மேசையின் அதிர்வு முழுக்க மைக்குக்குப் போகும். ரெக்கார்டர் தள்ளி, மடித்த துணியின் மேல். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், தாழ்வொலி வடிகட்டி அணைப்பு, கெயின் கையால். இந்த அளவில் ஸ்டீரியோப் பதிவு மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி. பல ரெக்கார்டர்கள் இரண்டு ஜிபியில் கோப்பை வெட்டிப் புதியது தொடங்கும். அந்த ஒட்டில் இடைவெளி விழுகிறதா என்று வீட்டிலேயே சோதித்துக்கொண்டு போக வேண்டும். பவர் பேங்க் வேண்டாம் என்று சாதாரண பேட்டரிதான் போட்டோம். சில பவர் பேங்குகள் மெல்லிய ரீங்காரத்தைப் பதிவுக்குள் தள்ளும்.

மாடிப்படியில் இரண்டாவது ரெக்கார்டர். வீட்டின் முன்புறம் வெளியே மூன்றாவது. தெருவில் எழுந்த சத்தத்தை அறைக்குள் எழுந்ததாக எண்ணிக்கொள்ளாமல் இருக்க அது. குழுவின் பழைய வாய்ஸ் ரெக்கார்டரையும் முதல் இரவு இருந்த அதே அமைப்புகளோடு கேப்ஸ்யூலின் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். ஆரம்பத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல். யார் அசைந்தாலும், இருமினாலும், வயிறு கத்தினாலும், உடனே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், ஒருவர் நேரத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும்.

முடிவிலும் கைதட்டுவது சடங்குக்காக இல்லை. எந்த ரெக்கார்டரின் கடிகாரமும் இன்னொன்றோடு முழுதாக ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் சர்வசாதாரணம். மணிக்கு 72 மில்லிநொடி. காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 72 மில்லிநொடியில் கிட்டத்தட்ட 25 மீட்டர், வீட்டையே தாண்டிவிடும். இரண்டு கைதட்டலை வைத்து இழுத்துச் சரி செய்யலாம், ஆனால் இரவு குளிரும்போது விலகலும் மாறுவதால் ஓரிரு மில்லிநொடி வரை துல்லியம் கிடைக்காது. திசை கண்டுபிடிக்க ஒரே ரெக்கார்டரில் செருகிய மைக்குகளைத்தான் நம்பலாம்.

ஒரே நொடி, இரண்டு கோப்பு

வாய்ஸ் ரெக்கார்டரின் பதிவைக் குழுவினர் முதலில் தனியாகக் கேட்டார்கள். சந்தோஷம். “யாரு”, “வா”, “அங்கே” என்று ‘குரல்கள்’ கிடைத்தன. ஒவ்வொன்றையும் கேப்ஸ்யூல் பதிவில் தேடினோம். மௌனங்களை வெட்டிவிட்ட கோப்பு என்பதால் நேரம் பொருத்துவது பெரும் வேலை. உரத்த இருமல்களையும் வாய்விட்டுச் சொன்ன குறிப்புகளையும் வைத்துத்தான் ஒட்ட முடிந்தது.

“யாரு” இருந்த இடத்தில், பக்கத்திலேயே நின்ற நல்ல மைக்கில், ஒருவர் நாற்காலியில் நகரும்போது துணி உரசுகிற சத்தம். குறிப்பேட்டிலும் அவர் நகர்ந்தது எழுதியிருக்கிறது. “வா” மூச்சு. “அங்கே” இருந்த நொடியில் சன்னமான நீர் ஓடும் ஒலி தவிர வேறெதுவும் இல்லை. அதே காற்று, அதே நொடி, கையளவு இடைவெளி. ஒன்றில் ஆள், மற்றதில் துணி.

முதல் இரவின் ‘போயிடு’வும் இப்படித்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த இரவில் பக்கத்தில் இரண்டாவது கருவி இல்லை, குறிப்பேடு இல்லை. எனவே அந்தக் கோப்பு எந்தப் பக்கத்துக்கும் சாட்சியில்லை. குழுவில் மூத்தவருக்கு இது பிடிக்கவில்லை. சரி, பிடிக்காமல் இருக்கட்டும்.

முணுமுணுப்பு

அம்மா காதால் கேட்டது வேறு விஷயம், அது உண்மையாகவே இருந்தது. கேப்ஸ்யூல் பதிவில் நள்ளிரவுக்குப் பிறகு ஏறி இறங்கும் ஒரு தாழ்வான ஒலி தெளிவாகக் கேட்டது. மாடிப்படி ரெக்கார்டரில் மங்கலாக. வெளியே வைத்ததில் அறவே இல்லை. ஆக, வீட்டுக்குள்ளே. இரண்டு கேப்ஸ்யூலையும் ஒப்பிட்டால் பின்சுவர்ப் பக்கம் காட்டியது. அந்தச் சுவரில்தான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாய் இறங்குகிறது.

அடுத்த முறை ஒரு சேனலில் கேப்ஸ்யூல், மற்றதில் குழாயோடு ஒட்டிய பீசோ தொடு மைக். காற்றைக் கேட்காமல் பொருளின் அதிர்வை மட்டும் கேட்கும் வட்டத் தகடு. மைக் துளையில் நேராகச் செருகினால் தாழ்வொலியெல்லாம் வடிந்து தகரம் போலக் கேட்கும். அதற்கு உயர் மின்தடை உள்ள உள்ளீடு வேண்டும், இடையே ‘பஃபர்’ என்ற சின்ன மின்சுற்று ஒன்று வைத்தோம். முணுமுணுப்புக்கு நடுவே வரும் ‘டக்’ ஒலிகளை ஒப்பிட்டபோது, ஒவ்வொன்றும் குழாயில் முதலில், இரண்டு மீட்டர் தள்ளியிருந்த கேப்ஸ்யூலில் சுமார் 6 மில்லிநொடி கழித்து. ஒலி இரண்டு மீட்டர் நடக்க ஆகும் நேரம் அதுதான்.

தொட்டி நிரம்பி மிதவை வால்வு மூடப் போகும் தருவாயில், முழுதாக மூடாமல் படபடத்துக்கொண்டிருந்தது. கீழே குழாயைத் திறந்து தொட்டி மட்டத்தைக் குறைத்துப் பகலிலேயே அந்த முணுமுணுப்பை வரவழைத்தோம். வால்வை மாற்றினார்கள், நின்றது. “அப்ப நான் கேட்டது சரிதானே?” என்றார் அம்மா. முழுக்கச் சரி.

மீதி

ஒன்று பாக்கி. கேப்ஸ்யூல்களோடு செய்த முதல் பதிவில், வால்வு ஓடாத நேரத்தில், அரை நொடிக்கும் குறைவான ஒரு குரல். துணி இல்லை, மூச்சும் இல்லை. இதை நானும் மனிதக் குரல் என்றே சொல்வேன். அறைக்குள் இருந்த யாரும் பேசியதாகக் குறிப்பு இல்லை. மாடிப்படியில் பதிவாகவில்லை, முன்புறம் வெளியேயும் இல்லை.

ஜன்னல் பக்கத்து கேப்ஸ்யூலில் 7 மில்லிநொடி முன்னதாக விழுந்திருக்கிறது, அதாவது 2.4 மீட்டர் வித்தியாசம். அது ஒரு திசையைத் தருகிறது, அந்தத் திசையில் அறையின் ஒரு மூலையும் இருக்கிறது, ஜன்னலும் இருக்கிறது. இரண்டு மைக்கால் தூரம் சொல்ல முடியாது. மூலையில் பேசினாலும், ஜன்னலுக்கு வெளியே பின்சந்தில் யாராவது பேசிக்கொண்டு போனாலும், வித்தியாசம் ஏறத்தாழ அதே 7 மில்லிநொடிதான். வெளி ரெக்கார்டர் வீட்டின் மறுபுறம் இருந்தது. குழு இதை உயர்தரப் பதிவு என்று வகைப்படுத்த ஆசைப்பட்டது. ஆய்வேட்டில் நான் எழுதியது ‘தீர்மானிக்கப்படவில்லை’.

அடுத்த முறைக்கு நான்கு உள்ளீடுகளும் ஒரே கடிகாரத்தில் ஓடும் ரெக்கார்டர் ஒன்று கேட்டிருக்கிறேன். மூன்று மைக் அறைக்குள், நான்காவது ஜன்னலுக்கு வெளியே, காற்றுத் தடுப்பு உறையோடு. வெளி மைக்கில் முதலில் விழுந்தால் சந்து, உள் மைக்கில் முதலில் விழுந்தால் அறை. கேபிளை நசுக்காமல் அந்த ஜன்னல் கதவை மூட முடிகிறதா என்று மட்டும் முன்னாடியே போய்ப் பார்க்க வேண்டும். திறந்து வைத்துப் பதிவு செய்தால் மறுபடி இதே இடத்தில்தான் வந்து நிற்போம்.